ராய் தாவின் தொகுதி

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி, தில்லி கங்கா ராம் மருத்துவமனையில் ஷிபு சோரன் காலமானார் என்ற செய்தி தொலைக்காட்சியில் ஓடியபோது, மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, “மூணு பேர்ல கடைசி ஆளும் போயாச்சும்மா” என்றார். ஜார்க்கண்டின் முன்னாள் முதலமைச்சர் ஒருவரின் மரணத்துக்கு, விருத்தாசலம் பக்கத்துக்காரரான, ஐம்பது ஆண்டுகளாகத் தில்லியிலேயே வாழ்ந்துவிட்ட தன் தாத்தா ஏன் இவ்வளவு கலங்குகிறார் என்று என் மகளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா என்ற இயக்கத்தை 1970களின் தொடக்கத்தில் தன்பாத்தில் மூன்று பேர் சேர்ந்து தொடங்கினார்கள். ஒருவர் வழக்கறிஞர் பினோத் பிஹாரி மஹதோ. அவர் 1991இல் இறந்தார். இன்னொருவர், தந்தையைக் கந்துவட்டிக்காரர்கள் கொன்றதால் போராட்டத்துக்கு வந்த சந்தால் ஆதிவாசி இளைஞர் ஷிபு சோரன். மூன்றாமவர் அருண் குமார் ராய். அப்பாவின் கலக்கம் உண்மையில் அந்த மூன்றாமவரை நினைத்து வந்தது.

ஏ.கே. ராய் என்று தேர்தல் பதிவேடுகளும், ராய் தா, அதாவது ராய் அண்ணன், என்று சுரங்கத் தொழிலாளர்களும் அழைத்த அவர், பிஹார் சட்டமன்றத்துக்கு சிந்திரி தொகுதியிலிருந்து 1967, 1969, 1972 ஆகிய மூன்று தேர்தல்களிலும், மக்களவைக்கு தன்பாத் தொகுதியிலிருந்து 1977, 1980, 1989 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்றவர். திருமணம் செய்துகொள்ளாதவர். கட்சி அலுவலகத்தின் ஓர் அறையையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர். 2019 ஜூலை 21 அன்று, 84ஆம் வயதில், தன்பாத்தில் மறைந்தார்.

அவர் மறைந்த வாரத்தில் எங்கள் தில்லித் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றிவந்தது. மூன்று முறை எம்.பி.யாக இருந்தும் சொத்து இல்லை, ரயிலில் பொதுப்பெட்டியில்தான் போவார், ஓய்வூதியம் வாங்கவில்லை, இப்படியும் ஒரு மனிதர் என்ற வகையில் அமைந்த செய்தி அது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அதில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அவர் எதற்காகப் பேசினார், யாரை எதிர்த்தார், ஏன் ஆறு முறை வென்றார், ஏன் பிறகு தோற்றார் என்று ஒரு சொல்கூட இல்லை. அப்பாவுக்கு வந்த கோபத்தை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். “அவரைச் சாமியார் ஆக்கிட்டாங்க. சாமியாரைப் பார்த்து எவன் பயப்படுவான்? இவரைப் பார்த்துப் பயந்தாங்கம்மா” என்றார்.

தமிழர்களாகிய நமக்கு இது பழகிய வழக்கம். கக்கன் என்றதும் மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப்பிரிவுக் கட்டில்தான் நினைவுக்கு வருகிறது. அவர் பொதுப்பணித் துறையையும் உள்துறையையும் நடத்திய அமைச்சர் என்பது பின்னால்தான் வருகிறது, பலருக்கு வருவதே இல்லை. ஜீவா என்றதும் தாம்பரத்துக் குடிசையும் மாற்று வேட்டி இல்லாத கதையும் வருகின்றன. 1952இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்று அவர் எதைப் பேசினார் என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் இருப்போம்? எளிமையை வியந்து பேசுவது நல்ல பண்பு என்றே நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். இப்போது எனக்கு அதில் ஐயம் வந்திருக்கிறது. ஒருவரின் எளிமையைப் போற்றும் வேகத்தில், அவருடைய அரசியலுக்குப் பதில் சொல்லும் கடமையிலிருந்து நாம் விடுபட்டுவிடுகிறோம். ஆகவே ராயின் வேட்டியையும் பாயையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு மக்கள் பிரதிநிதியாக அவர் செய்த வேலையை மட்டும் எழுதிப் பார்க்க விரும்புகிறேன்.

அதற்கு முன், ஒரு தில்லித் தமிழ்க் குடும்பத்துக்கும் தன்பாத்துக்கும் என்ன தொடர்பு என்பதைச் சொல்லிவிட வேண்டும். அப்பா நெய்வேலியில் பயிற்சி பெற்று, 1974இல் பதர்பூர் அனல் மின்நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மதுரா சாலையில், ஆக்ரா கால்வாயை ஒட்டி நின்ற அந்த மின்நிலையம், முழு அளவில் 705 மெகாவாட் மின்சாரத்தைத் தில்லிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2018 அக்டோபரில்தான் மூடப்பட்டது. அதற்கான நிலக்கரி ஜரியா வயல்களிலிருந்து, அதாவது தன்பாத்திலிருந்து, சரக்கு ரயில்களில் வந்தது. அப்பா நிலக்கரி கையாளும் பிரிவில் இருந்தார். ரேக் வந்து நின்றதும் வேகனைக் கவிழ்த்துக் கொட்டும் டிப்ளரிலும், அதை மேலே ஏற்றும் கன்வேயரிலும் அவருடைய வாழ்நாள் கழிந்தது. எங்கள் வீட்டில் கோடைக்கால மின்வெட்டைப் பற்றி யாராவது குறைப்பட்டால், “அங்கே ரேக் ஏறலைன்னா இங்கே விளக்கு எரியாது” என்பதுதான் அவருடைய பதில். கரியோடு கற்கள் வந்து அரவை எந்திரத்தைப் பழுதாக்குவது பெரும் தலைவலியாக இருந்ததால், 1980களின் தொடக்கத்தில் மாதிரி எடுப்பதற்காக அவரைச் சிலமுறை தன்பாத்துக்கு அனுப்பினார்கள்.

நெய்வேலியைப் பார்த்த கண்ணால் ஜரியாவைப் பார்த்தவர் அப்பா. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் திறந்த வெளியில், ராட்சத எந்திரங்கள் வாரி எடுத்தன. ஜரியாவில் மனிதன் பூமிக்குள் இறங்கினான். அங்கே கரியை வெட்டித் தொட்டியில் நிரப்புகிறவனை மால்கட்டா என்பார்கள். எத்தனை தொட்டி நிரப்பினானோ அத்தனைக்குத்தான் கூலி. பெண் தொழிலாளி காமின். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள் தௌரா. சம்பள நாளன்று சுரங்க வாசலில் வட்டிக்காரன் நிற்பான். அவனுக்குப் பக்கத்தில் தடியோடு அவனுடைய பயில்வான் நிற்பான். கரியிலிருந்து கல்லைப் பொறுக்கும் வேலை ஒப்பந்தக் கூலிகளுடையது என்பதையும், பதர்பூரில் தன் எந்திரத்தை உடைத்த கல்லுக்குப் பின்னால் பெயர்ப் பதிவேட்டிலேயே இல்லாத ஒரு தொழிலாளி இருக்கிறார் என்பதையும் அப்பா அங்கேதான் அறிந்தார். அந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்கச் சொல்லிச் சண்டை போடும் சங்கம் எது என்று கேட்டபோது அவருக்குக் கிடைத்த பதில் பிஹார் கோலியரி காம்கார் யூனியன். அதன் தலைவர் யார் என்று கேட்டபோது, “எங்கள் எம்.பி., ராய் தா” என்றார்களாம்.

ராய் சுரங்கத்தில் பிறந்தவர் அல்லர். 1935இல், இன்றைய வங்காள தேசத்திலுள்ள ராஜ்சாஹி மாவட்டத்தில், வழக்கறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்து, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்தவர். 1960களின் தொடக்கத்தில் சிந்திரி உரத் தொழிற்சாலையோடு இணைந்த திட்டமிடல் மற்றும் மேம்பாட்டுப் பிரிவில் பொறியாளராக வந்து சேர்ந்தார். சிந்திரி அன்றைய இந்தியாவின் பெருமை. 1951இல் உற்பத்தியைத் தொடங்கிய, சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் ஒன்று. நல்ல சம்பளமும் குடியிருப்பும் தோட்டமும் உள்ள அந்த வாழ்க்கை, 1966 ஆகஸ்டில் நடந்த பிஹார் பந்த்தில் அவர் கலந்துகொண்டு சிறைக்குப் போனதோடு முடிந்தது. வேலை பறிபோனது. மறு ஆண்டே, வேலையை இழந்த அதே சிந்திரியின் சட்டமன்ற உறுப்பினராக, மார்க்சிஸ்ட் கட்சியின் சார்பில், பாட்னாவுக்குப் போனார்.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பொறியாளர்கள் அரசியலுக்கு வருவது புதிதன்று. ஆனால் வந்தபின் தங்கள் கல்வியை மறந்துவிடுவார்கள். ராய் மறக்கவில்லை. சுரங்கத்தில் கரி எடுத்த வெற்றிடத்தை ஆற்றுமணலால் நிரப்பவில்லை என்றால் மேல்மண் சரியும், காற்று புகுந்து கரி தானாகவே எரியத் தொடங்கும் என்பது பாடப்புத்தகச் செய்தி. ஜரியாவில் 1916இலேயே முதல் நெருப்பு கண்டறியப்பட்டது, இன்றுவரை அணையவில்லை. மணல் நிரப்பியதாகக் கணக்கு எழுதிப் பணம் எடுப்பது அந்த வட்டாரத்தில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. காகிதத்தில் நிரம்பிய மணல், பூமிக்கு அடியில் வெற்றிடமாகவே இருந்தது. அந்த வெற்றிடத்தின் மீது தௌராக்கள் நின்றன. ஒரு வேதிப் பொறியாளருக்கு இது ஊழல் வழக்கு என்பதோடு, உயிர்களைப் பற்றிய கணக்காகவும் தெரிந்திருக்கும். தொழிலாளியின் கூலியையும் பூமியின் உறுதியையும் ஒரே கேள்வியாகப் பார்க்கும் பார்வை அவருக்கு அங்கிருந்தே வந்தது என்று நினைக்கிறேன்.

நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையான கதையில் தமிழர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைத் தில்லியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குக்கூட இப்போது யாரும் சொல்லுவதில்லை. சேலத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் பிறந்து, கம்யூனிஸ்டாக இருந்து, பின்னர் காங்கிரஸில் சேர்ந்து, 1971இல் புதுச்சேரியிலிருந்து மக்களவைக்குச் சென்ற மோகன் குமாரமங்கலம்தான் அப்போது எஃகு மற்றும் சுரங்கத் துறை அமைச்சர். எஃகு ஆலைகளுக்கு வேண்டிய கோக் நிலக்கரிச் சுரங்கங்களை 1971 அக்டோபரில் அரசு தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டு, 1972 மே 1 முதல் நாட்டுடைமையாக்கியது. மற்றச் சுரங்கங்களை 1973 ஜனவரியில் கையகப்படுத்தி, அதே ஆண்டு மே 1 முதல் நாட்டுடைமையாக்கியது. அதற்கான சட்டம் 1973 மே 30 என்ற தேதியைத் தாங்கியிருக்கிறது. மறுநாள், மே 31 அன்று, சென்னையிலிருந்து தில்லிக்கு வந்த விமானம் பாலம் அருகே விழுந்து நொறுங்கியதில் 48 பேர் மாண்டார்கள். குமாரமங்கலம் அவர்களில் ஒருவர். தில்லித் தமிழர்களிடையே அந்த விபத்து நெடுங்காலம் பேசப்பட்டதாக அப்பா சொல்வார். நிலக்கரிச் சட்டத்தைப் பற்றி யாரும் பேசியதில்லை.

குமாரமங்கலம் எழுதிய சட்டத்துக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை அன்றாடம் கண்டவர் ராய். தனியார் முதலாளி போனார். பொதுத்துறை நிறுவனம் வந்தது. ஊதிய ஒப்பந்தம் வந்தது. இவை பெரிய மாற்றங்கள், ஐயமில்லை. ஆனால் கையகப்படுத்திய நாட்களில், சுரங்கப் பதிவேடுகளில் பெயர்கள் மாறின. பல ஆண்டுகள் கரி வெட்டிய ஆதிவாசிகளும் தலித்துகளும் வெளியே நிற்க, தடியும் செல்வாக்கும் உள்ளவர்களின் ஆட்கள் அரசு ஊழியர்களாக உள்ளே போனார்கள். முதலாளிக்காகத் தடியெடுத்தவர்கள், இனி ஒப்பந்தங்களுக்காகத் தடியெடுத்தார்கள்: மணல், லாரி, ஏற்றுக்கூலி, வட்டி. நாடு முழுவதும் ‘நிலக்கரி மாஃபியா’ என்ற சொல்லை அறிந்துகொண்டது தன்பாத்திலிருந்துதான். ராயின் சங்கம் வளர்ந்தது இந்தக் காலத்தில்தான். உரிமையாளர் மாறியும் தன் பெயர் பதிவேட்டில் ஏறாத தொழிலாளியே அவருடைய வாக்காளர்.

அதற்குள் அவர் தன் கட்சியிலிருந்தும் வெளியேற்றப்பட்டிருந்தார். மார்க்சிஸ்ட் ஒருங்கிணைப்புக் குழு என்ற பெயரில் அவர் தொடங்கிய சிறு கட்சி, தன்பாத் மாவட்டத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டி ஒருபோதும் பெரிதாக வளரவில்லை. சிவப்பும் பச்சையும் சேர வேண்டும் என்பது அவருடைய கொள்கை: சிவப்பு என்றால் சுரங்கத் தொழிலாளி, பச்சை என்றால் நிலத்தை இழந்த ஆதிவாசியும் குடியானவனும். மஹதோவும் சோரனும் அவரும் ஒரே மேடையில் நின்றது இந்தக் கொள்கையில்தான்.

வங்காளத்திலிருந்து வந்த ஒருவர், ஜார்க்கண்டுக்குத் தனி மாநிலம் கேட்டார் என்பது என்னைப் போன்ற புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் மனத்தில் நிறுத்த வேண்டிய செய்தி. அந்த மண்ணில் வெளியாளைத் திக்கு என்பார்கள். அதில் வசையும் உண்டு, வரலாறும் உண்டு. ராய் பிறப்பால் வெளியாள். எனினும் அந்த வட்டாரத்தை ‘உள்நாட்டுக் காலனி’ என்று அழைத்து எழுதியவர் அவர். கரி அங்கே, இரும்பு அங்கே, நெருப்பும் மண்சரிவும் அங்கே, செல்வம் வேறிடத்தில். 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம் வரை நடப்பில் இருந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையால், எஃகு நாட்டின் எந்த மூலையிலும் ஒரே விலைக்குக் கிடைத்தது. ஆலை வைக்க நினைத்தவர் சுரங்கத்தின் அருகே போக வேண்டிய தேவையே இல்லாமல் போனது. மும்பையிலும் சென்னையிலும் தில்லியைச் சுற்றியும் தொழில் வளர்ந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் இதுவும் ஒன்று. தமிழகத்தின் தொழில் வளர்ச்சியை நாம் பெருமையோடு பேசும்போது இந்த ஒரு வரியையும் சேர்த்துக்கொள்வது நேர்மை என்று கருதுகிறேன்.

நெருக்கடி நிலை வந்தது. 1975 டிசம்பர் 27 அன்று, தன்பாத் அருகே சாஸ்னாலா சுரங்கத்தில், கைவிடப்பட்ட பழைய குடைவுகளில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்ததில் 375 பேர் இறந்தார்கள். நீரை இறைத்து உடல்களை எடுக்கவே வாரக் கணக்கில் ஆனது. செய்தித்தாள்கள் வாய்கட்டப்பட்டிருந்த காலம் அது. 1977 மார்ச்சில் தேர்தல் நடந்தபோது ராய் சிறையில் இருந்தார். சிறையிலிருந்தபடியே தன்பாத்தின் மக்களவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிர்க்கட்சி அலை அடித்த ஆண்டு அது என்பதால் அந்த வெற்றியை அலையின் கணக்கில் எழுதிவிடலாம். ஆனால் 1980இல், இந்திரா காந்தியின் கட்சி 353 இடங்களில் வென்ற தேர்தலில், நாடு தழுவிய கட்சி எதுவும் இல்லாத இந்த மனிதர் மீண்டும் வென்றதை எந்த அலையின் கணக்கில் எழுதுவது? அந்தக் காலத்தில்தான் அப்பா தன்பாத்துக்குப் போய்வந்தார். வாக்கு வாங்குவதற்குப் பணமோ சாதிப் பெரும்பான்மையோ இல்லாத ஒரு வங்காளியை, பிஹாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளர்களும், உள்ளூர்ச் சந்தால்களும் குர்மிகளும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள்.

1984இல் தோற்றார், 1989இல் வென்றார். ஓய்வூதியக் கதைக்கு இங்கேதான் வர வேண்டும், ஏனென்றால் அவரைச் சாமியாராக்கும் கதை அதுதான். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஓய்வூதியம் என்பது 1976இல் வந்த ஏற்பாடு. ராய் அதைப் பெற மறுத்தார்; உறுப்பினர்களின் ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் உயர்த்தும் முயற்சியை அவையிலேயே எதிர்த்தார். இதைத் துறவு என்று படிப்பவர்கள் தேதிகளை ஒருமுறை பார்க்க வேண்டும். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு முறையான ஓய்வூதியத் திட்டம் வந்தது 1998இல். அதுவரை அவர்களுக்கு இருந்தது வைப்புநிதியும், இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் ஒரு சிறு தொகையும். முப்பது ஆண்டுகள் பூமிக்குள் கரித்தூளைச் சுவாசித்தவனுக்கு இல்லாத ஓய்வூதியம், சில ஆண்டுகள் அவையில் உட்கார்ந்தவனுக்கு எப்படி வந்தது என்று கேட்க வேண்டுமானால், கேட்பவன் அதை வாங்காதவனாக இருக்க வேண்டும். அவருடைய மறுப்பு அவையின் முன் வைக்கப்பட்ட ஒரு வாதம். அந்த வாதத்துக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. மாறாக, அவருக்கு மாலை போட்டோம்.

அவரிடம் குறையே இல்லை என்று எழுதினால் நானும் வாட்ஸ்அப் செய்திக்காரர்களின் வரிசையில் சேர்ந்துவிடுவேன். அவருடைய பெயரைத் தாங்கி நிற்கும் சட்டம் எதுவும் இல்லை. கட்சியைத் தன் வட்டாரத்துக்கு வெளியே வளர்க்க முடியவில்லை. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா அவருடைய சிவப்பை விட்டு விலகிப் போனபோது, சிறு கட்சியின் தலைவராகத் தனித்து நின்றார். 2000 நவம்பர் 15 அன்று தனி மாநிலம் பிறந்தபோது, அதைக் கேட்டவர்களில் முதல் வரிசையில் இருந்த அவருக்கு அதை ஆள்வதில் இடமில்லை. இன்னொரு குறை எனக்கு இன்னும் வலிக்கிறது. நாட்டுடைமைக்குப் பிறகு சுரங்கங்களில் பெண் தொழிலாளர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துகொண்டே வந்தது. காமின் வேலையை விட்டுக்கொடுத்தால் அவளுடைய வீட்டு ஆணுக்கு வேலை என்ற வகையில் ஏற்பாடுகள் நடந்தன. எந்தத் தொழிற்சங்கமும், அவருடையது உட்பட, அதைத் தடுத்து நிறுத்தவில்லை. அப்பா 1980களின் தொடக்கத்தில் ரயில் சைடிங்கில் கூடை சுமக்கக் கண்ட பெண்கள் பிறகு எங்கே போனார்கள் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவரிடம் பதில் இல்லை.

1991இல் அவர் தோற்ற தேர்தலை, தோல்வி என்று மட்டும் எழுத முடியாது. அந்த ஆண்டு ஜனவரி 3 அன்று தன்பாத்தில் ஒரு வங்கிக் கொள்ளையைத் தடுக்கப் போன காவல் கண்காணிப்பாளர் ரண்தீர் வர்மா சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி ரீட்டா வர்மா பாரதிய ஜனதா கட்சியின் வேட்பாளராக நின்று வென்றார். அடுத்தடுத்த மூன்று தேர்தல்களிலும் அவரே வென்றார். ஒரு நகரத்தின் துயரமும், நாடெங்கும் எழுந்த புதிய அலையும் சேர்ந்து வந்த ஆண்டு அது. ஆனால் ஆழத்தில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. நிலத்தடிச் சுரங்கங்கள் குறைந்து, திறந்தவெளிச் சுரங்கங்கள் பெருகின. தொழிலாளிக்குப் பதிலாக எந்திரமும், எந்திரத்தோடு வெளி ஒப்பந்ததாரரும் வந்தார்கள். மால்கட்டா குறையக் குறைய அவருடைய வாக்குகளும் குறைந்தன. ராய் பின்னரும் போட்டியிட்டார்; மக்களவைக்குத் திரும்பவில்லை.

அந்தப் பகுதியில் சிவப்புக் கொடி பிடிப்பதன் விலை என்ன என்பதற்கு ஒரு சான்று போதும். அவருடைய கட்சியைச் சேர்ந்த நிர்சா தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் குருதாஸ் சாட்டர்ஜி 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று கொல்லப்பட்டார். அந்த நாட்களிலும் ராய் காவலர்கள் புடைசூழ வாழவில்லை. இதையும் எளிமை என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இது துணிவாகத் தெரிகிறது. துணிவையும் எளிமையையும் ஒரே சொல்லால் அழைப்பது அநீதி.

2024 செப்டம்பரில் மார்க்சிஸ்ட் ஒருங்கிணைப்புக் குழு, கம்யூனிஸ்ட் கட்சி (மா.லெ.) விடுதலையோடு இணைந்தது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த ஜார்க்கண்ட் தேர்தலில் நிர்சாவிலும் சிந்திரியிலும் அந்தக் கட்சி வென்றது. சிந்திரி முடிவு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். வேலை பறிபோன பொறியாளர் 1967இல் நின்று வென்ற தொகுதி அது. அப்பா தலையை மட்டும் ஆட்டினார். சற்று நேரம் கழித்து, “தௌரா எல்லாம் இன்னும் இருக்குதாமா?” என்று கேட்டார். தீப்பிடித்த பகுதிகளில் வாழும் மக்களைப் பெலகடியா என்ற புதிய குடியிருப்புக்கு மாற்றும் திட்டத்துக்கு 2009இல் ஒப்புதல் கிடைத்ததையும், அது இன்னும் முடியாமல் நீண்டுகொண்டிருப்பதையும் சொன்னேன்.

நான் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவள். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது மால்கட்டாவுக்கு ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினேன். கரிவெட்டி, சுரங்க வெட்டாள், தொட்டிக்கூலி என்று மூன்று சொற்களை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் படித்தார். “நெய்வேலியில அப்படி ஒரு வேலையே கிடையாதும்மா, அப்புறம் வார்த்தை எங்கிருந்து வரும்? அவங்க என்ன சொன்னாங்களோ அதையே எழுது” என்று சொல்லிவிட்டுத் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.